தொண்டில் வாய்த்த துணை
காந்திகிராமம் கண்ட டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் வாழ்க்கை வரலாறு

எல்லாம் வல்ல பரம்பொருளின் திருவருளால் நம் ஆலயத் திருவிழா நெருங்கும்போதெல்லாம், கோயில் வளாகம் தொண்டர்களால் நிரம்பி வழிவதைக் காண்கிறோம். ஒருபுறம் மகளிர் மலர் தொடுக்கின்றனர். மறுபுறம் இளைஞர்கள் பந்தற்கால் நடுகின்றனர். அன்னதானக் கூடத்தில் காய்கறி நறுக்குவோர், பாத்திரம் துலக்குவோர், தண்ணீர்ப்பந்தலில் நிற்போர் என எத்தனையோ கரங்கள் ஓய்வின்றி உழைக்கின்றன. கிரியான் ஆற்றங்கரையில் கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் இரப்பர் தோட்டங்களுக்கும் உழைக்க வந்த நம் முன்னோர், இந்தத் தொண்டு நெறியைத் தம்மோடு கொண்டு வந்து நமக்கு விட்டுச் சென்றனர்.

இவ்வாறு கூடித் தொண்டு செய்யுமிடத்தில் இளைஞரும் இளம்பெண்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது இயல்பே. அதனைக் கண்டு அஞ்சும் பெற்றோரும் உளர். ஊரார் பேச்சுக்கு நடுங்கித் தம் பெண்மக்களைக் கோயிற்பணிக்கு அனுப்பத் தயங்குவோரும் உளர். தொண்டு செய்யுமிடத்தில் வாழ்க்கைத் துணையைக் காண்பது முறையா, பிழையா? கண்டுவிட்டால் இளையோர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? பெரியோர் எவ்வாறு வழிகாட்ட வேண்டும்? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்து சென்ற ஒரு பெருமாட்டியின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நினைவுகூர்வது பொருத்தமாகும்.

சைவ மரபு காட்டும் வழி

இது நம் சமயத்திற்குப் புதிய செய்தி அன்று. தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூருக்கு எழுந்தருளியபோது, அங்கே இறைவனுக்குப் பூமாலை தொடுக்கும் திருப்பணியில் ஈடுபட்டிருந்த சங்கிலியாரைக் கண்டார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. சங்கிலியாரோ திருமணத்தை நாடாமல், பெற்றோரின் இசைவோடு கன்னிமாடத்தில் தங்கி மலர்த்தொண்டு புரிந்து வந்தவர். இறைவனே இருவர் கனவிலும் தோன்றி அத்திருமணத்தைக் கூட்டுவித்தான். பிரியேன் என்று மகிழமரத்தடியில் ஆணையிட்ட சுந்தரர், அவ்வாணையை மீறி ஊரெல்லையைக் கடந்தபோது கண்ணொளி இழந்தார். தொண்டில் தொடங்கிய உறவுக்கு வாய்மையே காவல் என்பதை அவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

அதே உண்மையைக் கடந்த நூற்றாண்டில், நம் பாட்டன் பாட்டி காலத்தில், மெய்ப்பித்துக் காட்டியவர் டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையார் ஆவார்.

பிறப்பும் குடியும்

சௌந்தரம் அம்மையார் 1904ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 18ஆம் நாள் பிறந்தார். தந்தையார் டி. வி. சுந்தரம் ஐயங்கார். தாயார் லட்சுமி அம்மாள். தந்தையாரின் பூர்விகம் திருநெல்வேலிச் சீமையிலுள்ள திருக்குறுங்குடி. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு, 1911ஆம் ஆண்டில் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார், தென்னாட்டின் சாலைகளில் பேருந்து ஓட்டிய முன்னோடிகளுள் ஒருவர். டி. வி. எஸ். என்னும் மூன்றெழுத்து நேரத்திற்கும் ஒழுங்கிற்கும் பெயர்பெற்றது. அக்குடும்பத்தின் செல்வமும் செல்வாக்கும் நாடறிந்தவை.

திருக்குறுங்குடி வைணவர்கள் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. அத்தலத்தின் வரலாற்றை ஈண்டுக் கூறாமல் மேற்செல்லுதல் இயலாது. பாணர் குலத்தில் பிறந்த நம்பாடுவான் என்னும் அடியார், கோயிலுக்குள் நுழைய உரிமையற்றவராய், வெளியே நின்றே நம்பிப் பெருமானைப் பாடி வந்தார். கார்த்திகை மாத ஏகாதசி இரவில் அவர் பாடச் சென்றபோது வழியில் ஒரு பிரம்மராட்சதன் அவரைப் பிடித்துக்கொண்டான். பெருமானைப் பாடிவிட்டுத் திரும்பி வந்து உணவாவேன் என்று வாக்களித்துச் சென்ற நம்பாடுவான், சொன்ன சொல் தவறாமல் மீண்டு வந்தார். அவர் பாடலின் பயனால் அந்த அரக்கனும் சாபம் நீங்கினான். அவ்வடியார் கண்குளிரத் தரிசிக்கும் பொருட்டுக் கொடிமரமே விலகி நின்றதாக அத்தலத்தார் கூறுவர். இன்றளவும் கைசிக ஏகாதசியன்று அவ்வரலாறு அங்கே நாடகமாக நடிக்கப்பெறுகிறது.

ஒதுக்கப்பட்ட அடியாருக்காகக் கொடிமரம் விலகிய ஊரைச் சேர்ந்த குடியிலே தோன்றிய சௌந்தரம், பின்னாளில் ஒதுக்கப்பட்ட மக்களுக்காகவே தம் வாழ்வை அளித்தார். கொடுத்த வாக்கைக் காத்து நம்பாடுவான் மீண்டதைப் போலவே, இவரும் ஒரு வாக்கைக் காத்து நின்ற வரலாறு பின்னே வருகிறது.

இளமையில் வந்த இடி

அக்கால வழக்கப்படி சௌந்தரத்திற்கு இளமையிலேயே திருமணம் நடந்தது. மணமகன் உறவினரான டாக்டர் சௌந்தரராஜன். மருத்துவம் பயின்றவர், நல்லுள்ளம் படைத்தவர். பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவிய காலத்தில் நோயாளிகளை விட்டு விலகாமல் மருத்துவம் செய்த அவர், அந்நோய்க்கே இரையானார். பிறர் உயிர் காக்கும் பணியில் தம் உயிரை ஈந்த அந்த இளைஞர், இறக்கும் தறுவாயில் தம் மனைவியை அழைத்து, விதவைக் கோலத்தில் ஒடுங்கிக் கிடத்தலாகாது, மேலே படிக்க வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் என்று கூறுவர்.

அந்நாளில் உயர்குடி இந்து விதவையின் நிலை எத்தகையது என்பதை இன்றைய இளைஞர் அறிதல் அரிது. விதவை மறுமணத்திற்குச் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே இடம் தந்துவிட்டது; ஆயினும் வீடும் வீதியும் இடம் தரவில்லை. நல்ல காரியங்களில் அவள் முன்னே வரக்கூடாது. பூவும் பொட்டும் கூடாது. நல்லாடை கூடாது. சிரித்துப் பேசுதல் கூடாது. அடுக்களையின் இருண்ட மூலையே அவளுக்கு உலகம். செல்வர் வீட்டுப் பெண்ணாயினும் ஏழை வீட்டுப் பெண்ணாயினும் இவ்விதி ஒன்றே.

சௌந்தரத்தின் பெற்றோர் தம் மகளை மூலையில் முடங்கவிடவில்லை. பழைமையில் ஊறிய குடும்பமாயினும், மகள் படிக்க விரும்பியபோது வழிவிட்டனர். மதுரையிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள டில்லிக்குச் சென்று, பெண்களுக்கென்றே 1916ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சௌந்தரம் சேர்ந்தார். தமக்கு மிக இளையவர்களான மாணவியரோடு ஒரே வகுப்பறையில் அமர்ந்து படித்து, 1936ஆம் ஆண்டில், தமது முப்பத்திரண்டாம் வயதில், மருத்துவப் பட்டம் பெற்றார். காலம் கடந்துவிட்டது என்று கல்வியைக் கைவிடும் நம் சகோதரியர் இதனை மனத்தில் இருத்துதல் நலம்.

டில்லியில் திரும்பிய திசை

அக்கல்லூரியில் சௌந்தரத்திற்குத் தோழியாக வாய்த்தவர் சுசீலா நய்யார். இவருடைய தமையனார் பியாரிலால், காந்தியடிகளின் செயலாளர். சுசீலாவும் பின்னாளில் காந்தியடிகளுக்கு மருத்துவராய் உடனிருந்து பணிபுரிந்தார். இத்தோழியின் வாயிலாகவே சௌந்தரம் காந்தியடிகளைக் காணும் பேறு பெற்றார். அவருடைய வாழ்க்கை அங்கேதான் திசை திரும்பியது.

அது நாடு முழுவதும் தீண்டாமை ஒழிப்புப் பணி வேகம் பெற்றிருந்த காலம். 1932ஆம் ஆண்டு எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்ததைத் தொடர்ந்து ஹரிஜன சேவா சங்கம் தோன்றியது. அவர் ஹரிஜனங்கள் என்று அழைத்த ஒடுக்கப்பட்ட மக்களின் சேரிகளுக்குப் படித்தோர் செல்லத் தொடங்கினர். குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தல், நோயுற்றோருக்கு மருந்தளித்தல், தெருக்களைக் கூட்டித் தூய்மை செய்தல், கிணறுகளையும் கோயில்களையும் எல்லார்க்கும் திறந்துவிடப் பாடுபடுதல் ஆகியவை அப்பணியின் கூறுகள். கூட்டங்களில் பேசுவது எளிது. சேரித் தெருவில் துடைப்பம் ஏந்துவது எளிதன்று. சௌந்தரம் அப்பணியில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார்.

அந்தப் பணியிடத்திலேதான் ஜி. இராமச்சந்திரன் என்னும் தொண்டரை அவர் சந்தித்தார்.

சாந்திநிகேதனத்து மாணவர்

இராமச்சந்திரன் 1904ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 7ஆம் நாள் திருவிதாங்கூர் நாட்டின் நெய்யாற்றின்கரைப் பகுதியில் பிறந்தவர். சௌந்தரத்தை விட ஏறக்குறைய ஏழு வாரம் இளையவர். கவியரசர் தாகூரின் சாந்திநிகேதனத்தில் பயின்ற அவர், 1924ஆம் ஆண்டில் காந்தியடிகளைச் சந்தித்துக் கலையைக் குறித்தும் இயந்திரங்களைக் குறித்தும் துணிவுடன் வினாக்கள் தொடுத்தார். இருபது வயது மாணவர் ஒருவர் கேட்ட அவ்வினாக்களும் காந்தியடிகள் தந்த விடைகளும் அவருடைய இதழிலேயே வெளிவந்து புகழ்பெற்றன. அதன்பின் சபர்மதி ஆசிரமத்தில் பயிற்சி பெற்ற இராமச்சந்திரன், கதர்ப்பணியையும் தீண்டாமை ஒழிப்பையும் தம் வாழ்வுப் பணியாகக் கொண்டார். நாவன்மை மிக்கவர், சிறை கண்டவர், கைப்பொருள் இல்லாதவர்.

ஒருவர் நாடறிந்த செல்வர் வீட்டு மகள்; மற்றவர் இயக்கத்தையே வீடாகக் கொண்ட தொண்டர். ஒருவர் தமிழகத்து வைணவ அந்தணர் குலம். மற்றவர் கேரளத்து வேறொரு குலம். தாய்மொழியும் வேறு. ஒருவர் கணவரை இழந்தவர். இவ்வளவு வேறுபாடுகளுக்கிடையே இருவரையும் இணைத்தது ஒன்றே ஒன்று. அது அவர்கள் செய்த தொண்டு. சேரியில் மருந்தும் எழுத்துப் பலகையும் ஏந்தி நின்ற அவ்விருவரும் ஒருவர் உள்ளத்தின் தூய்மையை மற்றவர் கண்டுகொண்டனர். காலப்போக்கில் அந்த மதிப்பு அன்பாக மலர்ந்தது. இருவரும் திருமணம் செய்துகொள்ள விரும்பினர்.

எதிர்ப்பும் ஓராண்டு நோன்பும்

இச்செய்தி மதுரைக்கு எட்டியபோது பெற்றோர் இசையவில்லை. அவர்களை எளிதில் குறை கூறிவிடலாகாது. மகளைப் படிக்க வைத்தவர்கள் அவர்களே. ஆயினும் விதவை மறுமணம், கலப்பு மணம் என்னும் இரு மதில்களை ஒரே நேரத்தில் தாண்டுமாறு அம்மகள் கேட்டார். உற்றார் உறவினர் என்ன சொல்வர், கோயிலிலும் ஊரிலும் தலைநிமிர்ந்து நடப்பது எங்ஙனம் என்னும் அச்சம் அக்காலத்துப் பெரியோர்க்கு இயற்கையாகவே இருந்தது.

வழக்கு காந்தியடிகளிடம் வந்தது. அவர் இளையோரின் பக்கம் உடனே சாய்ந்துவிடவில்லை. பெற்றோரின் அச்சத்திற்குப் பணிந்து மறுத்துவிடவும் இல்லை. இருவரும் ஓராண்டுக் காலம் பிரிந்திருக்க வேண்டும், ஒருவரையொருவர் காணுதலோ கடிதம் எழுதுதலோ கூடாது, அந்த ஓராண்டு கழிந்த பின்னரும் இருவர் உள்ளமும் மாறாதிருந்தால் மணம் செய்துகொள்ளலாம் என்பது அவர் வகுத்த நெறி.

காந்தியடிகள் இதனைப் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் விதித்தார் என்று எண்ண வேண்டா. தம் இளைய மகன் தேவதாஸ், இராஜாஜியின் மகள் லட்சுமியை மணக்க விரும்பியபோது, இரு தந்தையரும் சேர்ந்து அவர்களை ஐந்தாண்டுகள் காத்திருக்கச் செய்தனர். அந்தக் காத்திருப்புக்குப் பின் 1933ஆம் ஆண்டில் பூனாவில் அத்திருமணம் நடந்தேறியது. நெஞ்சில் தோன்றியது நிலைத்த அன்பா, அல்லது கணநேரக் கிளர்ச்சியா என்பதைக் காலமே உரைத்துக் காட்டும் என்பது அப்பெரியாரின் உறுதி.

சௌந்தரமும் இராமச்சந்திரனும் அக்கட்டளையைத் தலைமேற்கொண்டனர். அவர்கள் சிறுவர் அல்லர். முப்பத்தைந்து வயதை எட்டியவர்கள். ஒருவர் மருத்துவர், மற்றவர் பொறுப்புமிக்க தொண்டர். எவர் தயவும் இன்றித் தாமே மணம் செய்துகொள்ள அவர்களுக்குச் சட்டத்தில் தடையேதும் இல்லை. ஆயினும் பெரியோர் சொல்லை மீறி மணமாலை சூடாமல், தம் அன்பின் உறுதியைக் காலத்தின் முன் வைத்துக் காட்ட அவர்கள் உடன்பட்டனர். கடிதம் இல்லை, சந்திப்பு இல்லை. எந்தத் தொண்டு அவர்களை இணைத்ததோ அந்தத் தொண்டு மட்டும் உடனிருந்தது.

ஓராண்டு கழிந்தது. இருவர் உள்ளமும் மாறவில்லை.

சேவாகிராமத்தில் திருமணம்

1940ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7ஆம் நாள், வார்தாவை அடுத்த சேவாகிராம ஆசிரமத்தில், காந்தியடிகளின் திருமுன் அவர்கள் திருமணம் நடைபெற்றது. காந்தியடிகளும் கஸ்தூரிபாய் அம்மையாரும் தம் கையால் நூற்ற நூலில் நெய்த கதராடைகளே மணமக்களுக்குக் கிடைத்த சீர்வரிசை. மதுரையில் நடந்திருந்தால் பந்தலும் மேளமும் பொன்னும் பட்டுமாய் ஊரே திரண்டிருக்கக்கூடிய திருமணம், மண்குடில்களின் நடுவே எளிமையாக நிறைவேறியது. மணமக்கள் இருவருக்கும் அப்போது வயது முப்பத்தாறு.

திருமணத்தின் பொருட்டுக் கடன்பட்டு, பின்னர் ஆண்டுக்கணக்கில் அக்கடனை அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. சேவாகிராமத்துத் திருமணத்தை அவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களாக.

அரண்மனைச் சிறையில் அணைந்த விளக்கு

மணமான இரண்டாம் ஆண்டிலேயே நாடு கொந்தளித்தது. 1942ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் தம்பதியர் இருவரும் பங்கு கொண்டனர். இல்லறம் ஒருபுறம், விடுதலைப் போர் மறுபுறம் என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. அதே காலத்தில் நம் மலாயாவில் மற்றொரு தமிழகத்துப் பெண் மருத்துவரான டாக்டர் லட்சுமியின் தலைமையில் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் ஜான்சிராணிப் படையில் சேர்ந்தமை நம் மூத்தோர் அறிந்த வரலாறு. அந்த லட்சுமியும் இந்திய தேசிய இராணுவத்தில் தம்மோடு பணிபுரிந்த பிரேம் சைகலையே 1947ஆம் ஆண்டில் மணந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1944ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், சிவராத்திரியன்று, பூனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபாய் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். அவர் நினைவாக நாடெங்கும் நிதி திரட்டப்பட்டது. அந்நிதி முழுவதும் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே பயன்பட வேண்டும் என்று காந்தியடிகள் வரையறுத்தார். அந்த அறக்கட்டளையின் தென்னாட்டுப் பொறுப்பைச் சௌந்தரம் அம்மையாரிடம் ஒப்படைத்தார். தம் திருமணத்திற்குப் புடைவை நூற்றுத் தந்த அன்னையின் பெயரால் தொண்டு செய்யும் வாய்ப்பு அவருக்கு இவ்வாறு வாய்த்தது.

கோயிற்கதவும் கிராமத்துக் கதவும்

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடைபெற்றது. ஒடுக்கப்பட்ட மக்கள் அன்றுதான் அன்னையின் சந்நிதியைக் கண்டனர். எல்லார்க்கும் கதவு திறவாத கோயிலுக்குள் நுழைவதில்லை என்று உறுதி பூண்டிருந்த காந்தியடிகள், 1946ஆம் ஆண்டு தமிழகம் வந்தபோது மதுரை மீனாட்சியையும் பழனி ஆண்டவனையும் தரிசித்தார்.

கோயிற்கதவு திறந்தது. ஆனால் கிராமத்தில் வறுமையின் கதவும் நோயின் கதவும் அறியாமையின் கதவும் மூடியே கிடந்தன. அவற்றைத் திறக்க ஓரிடத்தில் ஊன்றிப் பணிசெய்ய வேண்டும் என்று சௌந்தரம் தம்பதியர் உறுதி கொண்டனர். நாடு விடுதலை பெற்ற அதே 1947ஆம் ஆண்டில், அக்டோபர் 7ஆம் நாள், காந்திகிராமம் பிறந்தது.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சிறுமலையின் அடிவாரத்தில், சின்னாளப்பட்டிக்கும் அம்பாத்துறை இரயில் நிலையத்திற்கும் அருகில் அமைந்தது காந்திகிராமம். சின்னாளப்பட்டி என்றவுடன் நம் தாய்மார்களுக்குச் சுங்குடிப் புடைவை நினைவுக்கு வரும். அந்தப் புடைவைகளை உலகுக்கு அளித்த நெசவாளர் ஊரின் அருகிலேதான் இப்பணி தழைத்தது.

தொடக்கம் மிகச் சிறியது. சிறு மருந்தகம் ஒன்று. கிராம சேவகியரைப் பயிற்றும் சிறு பள்ளி ஒன்று. அம்மருந்தகமே வளர்ந்து கஸ்தூரிபா மருத்துவமனையாயிற்று. பேறுகாலத்தில் கிராமத்துப் பெண்கள் கையுதவியின்றி மடிந்த காலத்தில், அவர்களுக்கு அது தாய்வீடாக விளங்கியது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்குச் சௌபாக்கிய இல்லமும், ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை ஆசிரமமும் தோன்றின. கதர் நூற்றல், நெசவு, சித்த ஆயுர்வேத மருந்து செய்தல் முதலிய தொழில்கள் ஏழைப் பெண்களுக்கு ஊதியம் தந்தன. பிறந்த நாள் முதல் முதுமை வரை மனிதனுக்கு வேண்டும் பணிகள் யாவும் ஒரே வளாகத்தில் ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்தன. விதவை என்றும் அனாதை என்றும் வாழாவெட்டி என்றும் ஊர் ஒதுக்கிய பெண்கள், அங்கே ஆசிரியையாகவும் செவிலியாகவும் உருவாயினர். அந்த இருண்ட மூலையின் துயரத்தை அறிந்த ஒருவரன்றோ அங்கே தாயாய் அமர்ந்திருந்தார்!

கணவரும் மனைவியும் வேலையைப் பகிர்ந்துகொண்ட முறை போற்றத்தக்கது. மருத்துவமும் மகளிர் நலமும் குழந்தை நலமும் அம்மையாரின் பொறுப்பு. கல்வியும் இளைஞர் பயிற்சியும் இராமச்சந்திரனின் பொறுப்பு. 1956ஆம் ஆண்டில் காந்திகிராம ஊரகக் கல்வி நிறுவனம் தொடங்கப்பெற்று, 1976ஆம் ஆண்டில் பல்கலைக்கழக நிலைக்கு உயர்ந்தது. மாணவர்களைக் கொண்டு சாந்திசேனை என்னும் அமைதிப்படையையும் அவர் அமைத்தார். 1959ஆம் ஆண்டில் ஆத்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் தொடங்கப்பட்ட சுகாதார, குடும்பநலத் திட்டம், 1964ஆம் ஆண்டில் தனி நிறுவனமாக வளர்ந்தது. தாயும் சேயும் நலமுற வாழக் குடும்பம் அளவோடு அமைதல் வேண்டும் என்பதை, ஊர்ப் பெரியவர்களையும் பெண்களையும் நேரில் கண்டு எடுத்துரைத்தே மக்களை இசையச் செய்தனர்.

பதவியிலும் பணி

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆத்தூர்த் தொகுதியிலிருந்தும், 1957ஆம் ஆண்டில் வேடசந்தூர்த் தொகுதியிலிருந்தும் சென்னைச் சட்டமன்றத்திற்கு அம்மையார் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962ஆம் ஆண்டில் திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி, மத்திய அரசின் கல்வித்துறைத் துணையமைச்சராகவும் பணியாற்றினார். அதே அரசில் சுகாதாரத்துறை அமைச்சராக இருந்தவர், டில்லிக் கல்லூரியின் பழைய தோழியாகிய சுசீலா நய்யார். ஒரே கல்லூரியில் பயின்ற இரு மருத்துவத் தோழியர், ஒருவர் நாட்டின் உடல்நலத்திற்கும் மற்றவர் அறிவுநலத்திற்கும் பொறுப்பேற்றமை இறைவனின் திருவுளமே எனலாம். அவ்வாண்டிலேயே அம்மையாருக்குப் பத்மபூஷண் விருதும் வழங்கப்பெற்றது. இராமச்சந்திரனும் 1964 முதல் 1970 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக விளங்கினார்.

பதவிகள் வந்தன, போயின. காந்திகிராமம் மட்டும் நிலைத்தது. 1984ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21ஆம் நாள், தமது எண்பதாம் வயதில் அம்மையார் இறைவனடி எய்தினார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் உடன் வாழ்ந்த துணைவரைப் பிரிந்த இராமச்சந்திரன், மேலும் பத்தாண்டுகள் வாழ்ந்து, 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் மறைந்தார். 2005ஆம் ஆண்டில் இந்திய அரசு அம்மையாருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. அவர் தொடங்கிய மருத்துவமனையில் இன்றும் குழந்தைகள் பிறந்துகொண்டிருக்கின்றன.

நமக்குரிய படிப்பினை

பக்தப் பெருமக்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்கவை சில உள.

முதலாவது இளையோர்க்கு. தொண்டு செய்யுமிடம் துணை தேடும் இடமன்று. ஆயினும் தொண்டு செய்யுமிடத்தில் ஒருவருடைய மெய்யான இயல்பு வெளிப்படுகிறது. திருமண வீட்டிலும் விருந்திலும் எல்லாரும் நல்லவராகவே தோன்றுவர். அன்னதானம் முடிந்தபின் எச்சில் இலை எடுக்க முன்வருபவர் யார், நண்பகல் வெயிலில் முதியவருக்குக் குடைபிடிப்பவர் யார், கோத்தோங் ரோயோங் என்று அழைத்தால் படம் எடுத்துக்கொண்டு நழுவுபவர் யார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அத்தகைய இடத்தில் ஓர் உள்ளத்தைக் கண்டு மதிப்பு உண்டானால் அது குற்றமன்று. ஆனால் அதனை மறைத்து ஒளித்துக் கோயிலின் பெயருக்கும் குடும்பத்தின் பெயருக்கும் இழுக்குத் தேடாமல், பெரியோர் முன் வைத்துக் காத்திருக்கும் திண்மை வேண்டும். ஓராண்டு பொறுக்க இயலாத அன்பு ஓர் ஆயுள் முழுவதும் தாங்குமோ?

இரண்டாவது பெற்றோர்க்கு. காத்திருக்கச் சொல்வது பெரியோரின் உரிமை. காத்திருந்து வந்த பின்னரும் கதவை அடைப்பது உரிமையன்று. காந்தியடிகள் ஓராண்டு கேட்டார். அவ்வோராண்டு முடிந்ததும் தாமே முன்னின்று மணம் முடித்து வைத்தார். நிபந்தனை விதித்தவர் தம் சொல்லைக் காத்தார். நம்மில் எத்தனை பேர் காலம் கடத்துவதற்கென்றே காத்திருக்கச் சொல்லுகிறோம் என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும். துணையை இழந்த மகளோ மருமகளோ வீட்டில் இருப்பின், அவளுக்கு மறுவாழ்வு உண்டு என்று முதலில் சொல்ல வேண்டியவர்களும் நாமே. மாங்கல்யம் இழந்த சகோதரியைச் சுமங்கலி பூசையன்று ஓரமாய் நிற்கச் செய்துவிட்டு, அன்னையின் அருள் வேண்டி நிற்பதில் என்ன பொருள் இருக்கிறது?

மூன்றாவது நம் அனைவர்க்கும். மக்களுக்கு ஈவது மகேசனைச் சென்றடையும் என்பது திருமூலர் காட்டிய நெறி. கோயிலைச் சுற்றி வாழும் ஏழைக் குழந்தையின் கல்வியும், தனித்து வாழும் மூதாட்டியின் மருந்தும் கோயிற்பணியின் பகுதியே. நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்னும் பெயரில் தமிழ்ப்பள்ளி ஒன்று தலைநிமிர்ந்து நிற்கிறது. அந்த மகானின் பெயரால் சிறுமலை அடிவாரத்தில் ஒரு தம்பதியர் எழுப்பிய பணியும் அவ்வாறே நிற்கிறது. பாரிட் புந்தாரில் நம் கைகளால் நிற்கப்போவது யாது?

நாட்டில் எத்தனையோ தம்பதியர் வாழ்ந்து மறைந்தனர். அவர்களுள் பலர் தம் மக்களுக்கு வீடு கட்டினர். சௌந்தரம் அம்மையாரும் இராமச்சந்திரனும் வீடற்றோர்க்கெல்லாம் வீடு கட்டினர். சேரித் தெருவில் தொண்டாகத் தொடங்கிய அவ்வுறவு, ஓராண்டுப் பிரிவில் தவமாகி, நாற்பத்து நான்கு ஆண்டு இல்லறத்தில் அறமாக நிறைந்தது.

இத்திருவிழாவில் மலர் தொடுக்கும் கைகளும் பந்தல் கட்டும் கைகளும் அத்தகைய தூய உள்ளத்தோடு இணையட்டும். நம் இல்லங்களில் அறமும் அன்பும் தழைக்கவும், ஊரில் தொண்டு பெருகவும் எம்பெருமான் திருவருள் பாலிப்பானாக!

இன்பமே சூழ்க! எல்லோரும் வாழ்க!